டான்சில் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சா? ஏழாவது ராத்திரி கொஞ்சம் உஷார்!

ஆரணியில் ஒரு நெசவாளர் வீடு. முன்கூடத்தில் குழித்தறி, பின்னால் சமையற்கட்டு, நடுவில் பாயில் படுத்திருக்கிறான் ஆறு வயதுப் பையன். கோடை விடுமுறையில் வேலூருக்கு அழைத்துப்போய் டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மறுநாளே டிஸ்சார்ஜ். மூன்று நாள் அழுதான். நான்காம் நாள் ஐஸ்கிரீம் கேட்டான். ஆறாம் நாள் தங்கச்சியோடு சண்டை போட்டான். "அப்பாடா, புள்ள தேறிட்டான்" என்று அம்மா தார் சுற்ற உட்கார்ந்துவிட்டார். பாதியில் நின்ற சேலையை முடிக்க அப்பா தறிக்குழியில் இறங்கிவிட்டார்.

ஏழாம் நாள் ராத்திரி 2 மணி. பையன் தூக்கத்திலேயே எதையோ விழுங்கிக்கொண்டே இருக்கிறான். மடக், மடக் என்று சத்தம். அம்மா புரண்டு படுத்து, "எச்சி முழுங்குறான் போல" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், உலகம் முழுக்க இ.என்.டி டாக்டர்கள் பயப்படுவது இப்படிப்பட்ட ராத்திரிகளுக்குத்தான். அந்தப் பையன் விழுங்குவது எச்சிலாக இல்லாமல் ரத்தமாக இருக்கலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பயமுறுத்த இதை எழுதவில்லை. டான்சில் ஆபரேஷன் ரொம்பப் பழையது, ரொம்ப சகஜமானது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் டான்சிலை விரலால் பிரித்து எடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை 1868-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் விவரித்தார். இன்று பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்தில் பழையபடி ஓடியாடுகிறார்கள். மிச்சமிருக்கும் கொஞ்சம் பேருக்கு வரும் அபூர்வமான சிக்கல்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே வந்த பிறகு, வீட்டில்தான் தலைகாட்டுகின்றன. அங்கே டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது. போனும் கையுமாக இருக்கும் நீங்கள்தான் இருப்பீர்கள்.

எது டான்சில், எது உள்நாக்கு?

நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. "உள்நாக்கு வளர்ந்திருச்சு, அதை எடுக்கணுமாம்" என்பார்கள். வாயைத் திறந்தால் நடுவில் தொங்குகிறதே, அதுதான் உள்நாக்கு. டான்சில் அதற்கு இரண்டு பக்கமும், தொண்டைச் சுவரில் உருண்டையாக இருப்பது. அடினாய்டு வாயைத் திறந்தாலும் தெரியாது, அது அண்ணத்துக்கு மேலே, மூக்கு முடியும் இடத்தில் இருக்கிறது. "மூக்குல சதை வளர்ந்திருக்கு" என்று வீட்டில் சொல்வது குழந்தைகள் விஷயத்தில் பெரும்பாலும் இதைத்தான்.

அடினாய்டு பெருத்த குழந்தையைப் பேச்சிலேயே கண்டுபிடிக்கலாம். ங, ஞ, ண, ந, ம, ன என்ற மெல்லின எழுத்துகளுக்கு மூக்கு வழியாகக் காற்று போகவேண்டும். மூக்கின் பின்வாசல் அடைத்திருந்தால் "மாமா" என்பது "பாபா" மாதிரி கேட்கும். வாயைத் திறந்தபடி தூங்கும், குறட்டை விடும். சில குழந்தைகளுக்குத் தூக்கத்தில் சில விநாடி மூச்சே நின்று திரும்பும். இந்த மூச்சுத்தடைதான் இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு முக்கியக் காரணம்.

அடிக்கடி தொண்டைவலி என்ற காரணத்துக்காக ஆபரேஷன் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜாக் பாரடைஸ் என்ற குழந்தைகள் டாக்டரின் குழு 1984-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை டாக்டர் பார்த்து உறுதிசெய்த தொண்டைத் தொற்று. வருடத்துக்கு இரண்டு தடவை தொண்டை கட்டுகிறது என்பதற்காக யாராவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தால், இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். தப்பே இல்லை.

ரத்தம் ஏன் ஏழாம் நாள் வருகிறது?

டான்சில் இருந்த இடத்துக்கு ஐந்து ரத்தக்குழாய்க் கிளைகள் வருகின்றன. ஆபரேஷனில் அவற்றைச் சூடு வைத்து அடைப்பார்கள், அல்லது நூலால் கட்டுவார்கள். அந்த நூல் பல காலமாகப் பட்டு நூல்தான் என்பது ஆரணிக்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். தோலில் போடும் தையலைப்போல அந்தக் குழியை மூடித் தைப்பது வழக்கமில்லை. புண் திறந்தபடியே ஆறும். அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் படியும். போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "ஐயோ, சீழ் வெச்சிருச்சு" என்று பதறாதவர்கள் குறைவு. அது சீழ் இல்லை, தொண்டையின் பொருக்கு. முழங்காலில் அடிபட்டால் காய்ந்த பொருக்கு உட்காருகிறது இல்லையா, அதேதான். எச்சிலில் ஊறியபடியே இருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. வாய் நாற்றமும் அதனால்தான்.

இந்தப் பொருக்கு 5-லிருந்து 10 நாளுக்குள் உதிரும். உதிரும்போது அடியில் ஒரு குழாய் சரியாக மூடாமல் இருந்தால் ரத்தம் வரும். ஆபரேஷன் முடிந்த 24 மணி நேரத்துக்குள் வருவது ஒரு வகை. அப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் இருப்பீர்கள். அதற்குப் பிறகு, இரண்டு வாரத்துக்குள் வருவது இன்னொரு வகை. இதுதான் வீட்டில் நம்மைத் தூங்கவிடாத ஆள்.

எத்தனை பேருக்கு வரும்? 2003, 2004-ம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் சுமார் 34,000 பேரைக் கவனித்து ஒரு பெரிய தணிக்கை நடத்தினார்கள். 3.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு. 0.9 சதவீதம் பேரை மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. சூட்டுக் கருவியை அதிகம் பயன்படுத்திய ஆபரேஷன்களில் கசிவு கூடுதலாக இருந்தது. பெரியவர்களுக்குக் குழந்தைகளைவிட அதிகம். 25 வயதில் டான்சில் எடுத்துக்கொள்ளப் போகும் ஆளாக நீங்கள் இருந்தால், "சின்னப் பசங்களே தாங்குறாங்க" என்ற வசனத்தை நம்பாதீர்கள். வலியும் உங்களுக்குத்தான் ஜாஸ்தி.

இங்கிலாந்தில் இன்னொரு கதையும் நடந்தது. பைத்தியப் பசு நோய்க்குக் காரணமான புரதம் டான்சில் திசுவிலும் இருக்கும் என்று தெரிந்ததால், 2001 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் கருவிகளைத்தான் டான்சில் ஆபரேஷனுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், அந்தக் கருவிகள் வந்தபிறகு ரத்தக்கசிவு கூடியது. அதே வருடம் டிசம்பரில் பழைய கருவிகளுக்கே திரும்பினார்கள். "புது மெஷின் வந்திருக்கு" என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

குழந்தைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் அவசரம் புரியும். ஒரு கிலோ எடைக்குச் சுமார் 75 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 1,100 மில்லி சொச்சம்தான். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி போனால், இருப்பதில் ஆறில் ஒரு பங்கு காலி. அதிலும் குழந்தைகள் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். தலையணையில் கறை இல்லை என்பதால் ரத்தம் வரவில்லை என்று அர்த்தமில்லை.

அதனால் இரண்டு வாரத்துக்கு ராத்திரியில் பக்கத்திலேயே படுங்கள். தூங்கும் குழந்தை அடிக்கடி விழுங்கினால் எழுப்பி, டார்ச் அடித்துத் தொண்டையைப் பாருங்கள். காபிப்பொடி கரைத்ததுபோலக் கருப்பாக வாந்தி வந்தால் அது வயிற்றில் போய்த் தங்கிய ரத்தம். முகம் வெளுப்பது, கை கால் சில்லிடுவது, நாடி வேகமாக அடிப்பது எல்லாம் ரத்தம் கணிசமாகப் போய்விட்டதைச் சொல்லும். எச்சிலில் ஒரு சின்ன இழைபோலச் சிவப்பு தெரிந்து தானாக நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டவேண்டும். பெரிய கசிவுக்கு முன்னால் சின்னக் கசிவு ஒன்று வந்து போவது உண்டு.

வந்துவிட்டால் என்ன செய்வது? குழந்தையை உட்காரவைத்து முன்பக்கம் சாயவிடுங்கள். ரத்தத்தை விழுங்காமல் பாத்திரத்தில் துப்பச் சொல்லுங்கள். எவ்வளவு போனது என்பதை டாக்டருக்குக் காட்டவும் அந்தப் பாத்திரம் உதவும். படுக்கவைக்காதீர்கள். விரலை விட்டுத் துடைப்பது, உறைந்த கட்டியை எடுப்பது, மஞ்சள் தடவுவது எதுவும் வேண்டாம். மறுபடி மயக்க மருந்து கொடுக்கவேண்டி வரலாம் என்பதால் சாப்பிடவும் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆரணிக்காரர்கள் முன்னாடியே யோசிக்க வேண்டியது இங்கேதான். ஊரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே முதலுதவி, சலைன், ரத்த அழுத்தம் பார்ப்பது நடக்கும். ஆனால், தொண்டையில் கசியும் குழாயை மறுபடி கட்ட இ.என்.டி சர்ஜன், குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர், ரத்தம் என எல்லாம் ஒரே இடத்தில் ராத்திரி 2 மணிக்கு வேண்டும். கண்ணமங்கலம் வழியாகப் போனால் அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதைத் தாண்டினால் வேலூர் நகரம். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். திருவண்ணாமலை இன்னும் தூரம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, "ராத்திரில ரத்தம் வந்தா நேரா இங்கேயே வரலாமா, எந்த நம்பருக்குப் பேசணும்?" என்று கேட்டு, பதிலைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவையுங்கள். பெட்டியில் பூட்டிவைத்த ஃபைல் அந்த நேரத்தில் கிடைக்காது.

கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் சுளுக்கு எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் யாருக்காவது ஃபார்வர்டு செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆபரேஷன் முடிந்து சில நாளில், சிலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில், குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, முகம் மறுபக்கம் திரும்பி நின்றுவிடுகிறது. நேராக்கப் பார்த்தால் வலியில் கத்துகிறது. காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம் வீடுகளில் உடனே வரும் வார்த்தை: "தலகாணி சரியில்ல, கழுத்து சுளுக்கிக்கிச்சு." அடுத்த காட்சி என்ன என்று உங்களுக்கே தெரியும். நல்லெண்ணெயைச் சுடவைத்துச் சுளுக்கு வழிக்கத் தெரிந்த பாட்டியிடம் கூட்டிப்போவார்கள். இல்லையென்றால் சலூனில் முடிவெட்டி முடித்ததும் 'படக்'கென்று கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அது.

இது சுளுக்கு இல்லாமல் கிரிசெல் சிண்ட்ரோம் என்ற அபூர்வச் சிக்கலாக இருக்கலாம். 1830-ல் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் இதை முதலில் விவரித்தார். 1930-ல் இதைப்பற்றி எழுதிய பிரெஞ்சு டாக்டர் பியர் கிரிசெலின் பெயர்தான் நிலைத்தது. நடப்பது இதுதான்: நம் தலை உட்கார்ந்திருப்பது கழுத்தின் முதல் எலும்பின் மேல். அந்த எலும்பு இரண்டாவது எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகிறது. இந்த இரண்டையும் தசைநார்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. தொண்டையின் பின்சுவருக்கு நேர் பின்னாலேயே இவை இருப்பதால், தொண்டையில் உண்டான வீக்கமோ தொற்றோ அங்கே பரவி நார்களைத் தளர்த்திவிடும். குழந்தைகளுக்கு அவை இயல்பிலேயே கொஞ்சம் தளர்வானவை. முதல் எலும்பு திரும்பி, நகர்ந்து, மாட்டிக்கொள்கிறது.

அந்த இடத்துக்குள்ளேதான் தண்டுவடம் ஓடுகிறது. கையைக் காலை அசைப்பது முதல் மூச்சுவிடுவது வரை எல்லாக் கட்டளைகளும் போகும் வழி. அங்கே போய் யாராவது சொடக்கு எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியம் எளிது. சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஆன்டிபயாட்டிக், வீக்கம் குறைக்கும் மருந்து, கழுத்துப் பட்டை, ஓய்வு. பெரும்பாலோர் இதிலேயே சரியாகிறார்கள். வாரக்கணக்கில் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தால், எடை கட்டி இழுத்து நேராக்குவது, எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன் என்று போய்விடும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு இந்த நார்கள் பொதுவாகவே தளர்வு. அவர்களுக்கு இந்த ஆபரேஷன் என்றால் கழுத்தைப்பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடவேண்டும்.

பாட்டியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் நிஜமான கஷ்டம். "உங்க கை வைத்தியம் நல்லதுதான் ஆயா, ஸ்கேன் எடுத்துட்டு வந்து பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுங்கள். சண்டை போட நேரமில்லை.

"பட்டு" சொல்லச் சொல்லுங்கள்

அடினாய்டை எடுத்த பிறகு சில குழந்தைகள் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். பேச்சு மூக்கால் பேசுவதுபோல மாறும். சில நாளில் அது போய்விட்டால் கவலையில்லை. அண்ணத்துக்கு வலி, அவ்வளவுதான்.

வாரங்கள் கடந்தும் நீடித்தால் விஷயம் வேறு. நாம் பேசும்போதும் விழுங்கும்போதும் மென்மையான பின்அண்ணம் மேலே எழுந்து மூக்கின் பின்வாசலை மூடுகிறது. சில குழந்தைகளுக்கு அந்த அண்ணம் பிறவியிலேயே சற்றுக் குட்டை, அல்லது தோலுக்கு அடியில் மறைந்த ஒரு பிளவு இருக்கும். அதுவரை பெருத்த அடினாய்டு இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. அதை எடுத்ததும் கதவு சாத்தவில்லை என்பது தெரிகிறது. 1,500 பேரில் ஒருவர் முதல் 10,000 பேரில் ஒருவர் வரை என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

இதற்கு ஒரு வீட்டுச் சோதனை இருக்கிறது. தமிழில் செய்ய ரொம்ப வசதி. மெல்லினம் இல்லாத சொற்களாக எடுத்துக்கொள்ளுங்கள்: பட்டு, காக்கா, தாத்தா, பாப்பா. ஒருமுறை சாதாரணமாகச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்தமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்லுங்கள். இந்தச் சொற்களுக்கு மூக்கில் வேலையே இல்லை என்பதால் இரண்டும் ஒரே மாதிரி கேட்கவேண்டும். மூக்கைப் பிடித்ததும் சத்தம் மாறினால் காற்று அந்த வழியாகக் கசிகிறது. "பாப்பா" என்பது "மாம்மா" போலக் கேட்டாலும் அதேதான். இ.என்.டி டாக்டர், பேச்சுப் பயிற்சியாளர் இருவரையும் பாருங்கள். பயிற்சியில் சரியாகாவிட்டால் ஆபரேஷனும் இருக்கிறது. "வளர்ந்தா சரியாயிடும்" என்று விட்டால், பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். அது ஆறுவதுதான் கஷ்டம்.

ஆபரேஷனுக்கு முன்பே இதை ஓரளவு கணிக்கலாம். உங்கள் வீட்டுக் குழந்தையின் உள்நாக்கைப் பாருங்கள். நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மறைந்த அண்ணப் பிளவுக்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். முன்பே தெரிந்தால் அடினாய்டை முழுதாக எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள்.

சில அபூர்வங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கின் பின்பகுதிக்குச் சுவை உணர்வு தரும் நரம்பு டான்சில் குழிக்கு அடியிலேயே போவதால், சிலருக்கு ருசி மாறும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும். பெரியவர்கள் சிலருக்குப் பல காலம் கழித்தும் விழுங்கும்போது தொண்டையில் எதுவோ குத்துவதுபோல இருக்கும். காதுக்குக் கீழே இருக்கும் ஊசிபோன்ற எலும்பு நீண்டிருப்பது காரணமாக இருக்கலாம் என்று 1937-ல் அமெரிக்காவின் வாட் ஈகிள் கண்டுபிடித்தார். கடுமையான மூச்சுத்தடை இருந்த குழந்தைகளுக்கு, தடை சட்டென்று நீங்கியதும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. அது ஆஸ்பத்திரியிலேயே சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். 3 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களை ஒரு ராத்திரி வைத்திருந்து பார்ப்பதற்கு இதுபோன்ற மூச்சுச் சிக்கல்கள்தான் காரணம். "வேலை கெடுது, சாயந்திரமே அனுப்புங்க" என்று கேட்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு பாடம்

வலிக்குக் கொடுக்கும் மருந்தே ஆபத்தான கதையும் இருக்கிறது. கோடீன் என்ற மருந்தைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றும், அதனால்தான் வலி குறைகிறது. சிலருக்கு மரபணுக் காரணத்தால் இந்த மாற்றம் அதிவேகமாக நடக்கும். அவர்களுக்குச் சாதாரண அளவே விஷ அளவு. டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழந்தைகள் இறந்ததைப் பார்த்து, 2012-ல் அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ எச்சரித்தது. 2013-ல் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று கடுமையான எச்சரிக்கையையே மருந்தின் குறிப்பில் சேர்க்கவைத்தது. 2017-ல் ட்ரமடாலுக்கும் அதே தடை. ஏற்கெனவே தூக்கத்தில் மூச்சுத் திணறும் குழந்தை என்பதால் ஆபத்து இரட்டிப்பு.

எனவே, மெடிக்கல் ஷாப்பில் "புள்ளைக்கு தொண்டை வலி, இருமலு, ஒரு சிரப் குடுங்க" என்று வாங்காதீர்கள். சில இருமல் சிரப்களில் கோடீன் உண்டு. டாக்டர் எழுதியதை, எடைக்கு ஏற்ற அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் போதும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். காது வலிக்கிறது என்று அழுதால் காதில் எண்ணெய் விடாதீர்கள். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் புண்ணின் வலி காதில் தெரிகிறது. காதில் கோளாறு இல்லை.

வெயில், பூ, பல்

ஆரணிப் பக்கத்து மே மாத வெயிலைப்பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லீவு என்பதால் ஆபரேஷனும் அந்த மாதத்தில்தான். விழுங்கினால் வலிக்கும் என்பதால் குழந்தை தண்ணீரே குடிக்காது. நீர்வற்றிப்போய் மறுபடி அட்மிட் ஆவது அபூர்வமே இல்லை, அடிக்கடி நடப்பது. மோர், இளநீர், குழைந்த கஞ்சி, ஆறிய ரசம் சாதம் என எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். "தொண்டை ஆபரேஷன் பண்ணவனுக்கு ஐஸ்கிரீமா?" என்று தாத்தா கண்ணை உருட்டுவார். தாராளமாகக் கொடுக்கலாம். முறுக்கு, காரம் மட்டும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். எட்டு மணி நேரமாகப் போகவே இல்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரம்.

ஆபரேஷன் உங்களுக்கே என்றால், தறியில் உட்காருபவர் என்றால், முகூர்த்த சீசன் ஆர்டரைக் கணக்குப் போட்டுத் தேதி வாங்குங்கள். 10-லிருந்து 14 நாள் மிதிபலகை மிதிப்பது, மூட்டை தூக்குவது எல்லாம் தள்ளிப்போடவேண்டியதுதான்.

தேதி குறிப்பதற்கு முன்னாலேயே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போனதா? காதுகுத்தும்போது? அம்மாவுக்கோ அத்தைக்கோ மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தப்போக்கா? குழந்தைக்கு அடிபடாமலே உடம்பில் நீலத்திட்டு வருகிறதா? ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருந்தால் இந்த ஆபரேஷன்தான் அதை முதன்முதலில் காட்டிக்கொடுக்கும், மோசமான முறையில். இவற்றில் சில வகைகள் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் அதிகம் வருகின்றன. மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிய வீடாக இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குறை உறுதியானாலும் ஆபரேஷனே செய்யக்கூடாது என்றில்லை, தயாரிப்போடு செய்வார்கள். ரத்தவியலுக்குப் பெயர்பெற்ற சி.எம்.சி உங்களுக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. ஆடுகிற பால்பல் இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் அதையும் காட்டிவிடுங்கள். தொண்டையில் குழாய் போடும்போது பல் கழன்று மூச்சுக்குழாயில் விழக்கூடாது.

உயிராபத்து எவ்வளவு?

2013 டிசம்பர் 9. அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஜாஹி மெக்மாத் என்ற 13 வயதுச் சிறுமிக்குத் தூக்க மூச்சுத்தடைக்காக டான்சில், அடினாய்டோடு உள்நாக்கையும் சேர்த்து எடுத்தார்கள். வழக்கத்தைவிடப் பெரிய ஆபரேஷன். சில மணி நேரத்தில் கடுமையான ரத்தக்கசிவு, இதயம் நின்றது. டிசம்பர் 12-ல் மூளைச்சாவு என்று அறிவித்தார்கள். குடும்பம் ஏற்கவில்லை. நீதிமன்றம் வரை போய், மத நம்பிக்கையின்படி மூளைச்சாவை மறுக்க இடம்தரும் நியூஜெர்சிக்குக் கொண்டுபோனார்கள். 2018 ஜூனில்தான் அவள் உடல் ஓய்ந்தது. டான்சில் என்று தேடினால் இந்தக் கதை உங்கள் போனில் கட்டாயம் வரும். படித்துவிட்டு ராத்திரி தூக்கம் போகும்.

அதனால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 2005 முதல் 2017 வரை, 21 வயதுக்குக் கீழே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கிட்ட ஆய்வு 2022-ல் வெளிவந்தது. ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் ஒரு லட்சத்துக்கு ஏழு. ஏற்கெனவே நரம்பு, இதயம், நுரையீரல் என்று நீண்டகாலச் சிக்கலான நோய் உள்ளவர்களில் ஒரு லட்சத்துக்கு 117. மற்றபடி ஆரோக்கியமாக இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கு. உங்கள் வீட்டுக் குழந்தை எந்த வரிசையில் வருகிறது என்பதைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்கவேண்டும். ஆபரேஷனை எங்கே செய்வது, ஐ.சி.யூ வசதி வேண்டுமா, எத்தனை நாள் தங்குவது என்ற முடிவுகள் எல்லாம் அதைப் பொறுத்தவை.

அவசரம் இல்லாத குழந்தைக்குக் காத்திருந்து பார்ப்பதும் ஒரு வழிதான். தூக்க மூச்சுத்தடை இருந்த 5 முதல் 9 வயதுக் குழந்தைகள் 464 பேரை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு ஏழு மாதத்தில் தூக்கச் சோதனை இயல்பானது. செய்யாமல் கவனித்து மட்டும் வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு இயல்பானது. மிகக் கடுமையான தடை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. தூக்கத்தில் நீலம் பாரிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கைக் காட்டிக் காலம் தள்ளக்கூடாது.

ஏழாம் நாள் ராத்திரி பற்றி ஒரு சின்ன வேலை. ஆபரேஷன் தேதியை நாள் பூஜ்யம் என்று வைத்து, 5-லிருந்து 10 வரையிலான ராத்திரிகளைப் போன் காலண்டரில் குறித்து அலாரம் வையுங்கள்: 11 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று, 5 மணிக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் எழுந்து குழந்தையின் தொண்டை விழுங்குகிறதா என்று அரை நிமிடம் பாருங்கள். அந்த ஆறு ராத்திரிக்கு அக்காவும் அண்ணனும் அப்பாவும் முறை போட்டுக்கொள்ளலாம். அந்த நாட்களில் கண்ணமங்கலம் ரோட்டில் ராத்திரி வண்டி எடுக்கக்கூடிய ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டு வைத்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுங்கள்.